ஒரு நாள் நடை, மலைக்கு நடுவே தண்ணீர்: ஹோர்ட்டன் சமவெளியா, காசல்ரீயா, மவுஸ்ஸாகலையா?

வன்னி நடைக்காரன் | பெப்ரவரி 2, இரவு 8.15

எல்லோருக்கும் வணக்கம். இந்த மாதக் கடைசியில் மலைநாட்டுக்கு வருகிறோம். ஆறு பேர், வவுனியா, முல்லைத்தீவுப் பக்கம். இளையவனுக்கு 24 வயது, மூத்தவருக்கு 51. ஒரு முழு நாள் நடக்க வேண்டும். வாகனத்தில் போய் இறங்கிப் படம் எடுத்துவிட்டுத் திரும்பும் பயணம் வேண்டாம்.

குளம் எங்களுக்குப் புதிதல்ல, குளக்கட்டில் நடந்தே வளர்ந்தவர்கள். ஆனால் எங்கள் குளங்கள் தட்டையான நிலத்தில் வானத்தைப் பார்த்தபடி கிடப்பவை. மலைகளுக்கு நடுவே கிடக்கும் தண்ணீரை மேலேயிருந்து பார்க்க வேண்டும், பாறையில் ஏறி இறங்கி அதன் கரையோடு நடக்க வேண்டும் என்பது எனக்கு நெடுநாள் ஆசை. நுவரெலியாவில் கிரகரி வாவி பார்த்தாயிற்று. அதைச் சுற்றி வீதியும் படகும் குதிரையும் சனமும்தான். நாங்கள் தேடுவது அதுவல்ல.

இயற்கையான மலை ஏரி ஏதும் அங்கே உண்டா? எந்தப் பாதை நல்லது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பட்டிப்பொல வாசி | பெப்ரவரி 2, இரவு 9.40

தம்பி, பாறைப் பாதைதான் முக்கியம் என்றால் ஹோர்ட்டன் சமவெளிக்கு வாருங்கள். 1988இல் தேசியப் பூங்காவான இடம். 2010இல் மத்திய மலைநாட்டை உலக மரபுரிமையில் சேர்த்தபோது இதுவும் அதில் சேர்ந்தது. சின்ன உலக முடிவு, பெரிய உலக முடிவு என்கிற பாறை விளிம்புகள், பேக்கர் நீர்வீழ்ச்சி என்று சுற்றி வரும் பாதை ஏறத்தாழ ஒன்பதரைக் கிலோமீற்றர். நிற்கும் இடமே 2,100 மீற்றருக்கு மேல் என்பதால் வன்னியிலிருந்து வருகிறவர்களுக்கு முதல் அரை மணி நேரம் மூச்சு வாங்கும். பயப்பட வேண்டாம், மெதுவாக நடந்தால் சரியாகிவிடும்.

பெரிய உலக முடிவில் பாறை நேர்க்குத்தாக 870 மீற்றர் அளவுக்கு இறங்குகிறது. அதைப் பார்க்க வேண்டுமானால் காலை ஆறு மணிக்கே வாயிலில் நில்லுங்கள். ஒன்பது, பத்து மணியானால் பள்ளத்தாக்கிலிருந்து முகில் ஏறி வந்து எல்லாவற்றையும் மூடிவிடும். எத்தனையோ பேர் பதினொரு மணிக்கு வந்து வெள்ளைத் திரையைப் பார்த்துவிட்டுப் போகிறார்கள், பார்க்கவே கஷ்டமாக இருக்கும்.

பெப்ரவரி விடியற்காலையில் புல்லில் உறைபனி இருக்கலாம், கையுறை கொண்டு வாருங்கள். வாயிலில் பையைத் திறந்து பொலித்தீனை எல்லாம் எடுத்துவிடுவார்கள். சாப்பாட்டை வாழையிலையிலோ பெட்டியிலோ கட்டுங்கள். பேக்கர் நீர்வீழ்ச்சிக்கு இறங்கும் படிகள் ஈரமாக இருக்கும், வேர்கள் குறுக்கே ஓடும். அந்த இடத்தில் அவசரப்படாதீர்கள்.

ஆனால் ஏரி இல்லை. ஓடைகளும் சேற்று நிலமும், வழியில் சிம்னிக் குளம் என்கிற ஒரு சிறிய நீர்நிலையும் உண்டு. நீங்கள் கேட்கிற பெரிய தண்ணீர் அங்கே கிடையாது.

டிக்கோயாக்காரன் | பெப்ரவரி 3, காலை 6.05

பட்டிப்பொல அண்ணா சொன்னது சரி. நேரடியாகச் சொல்கிறேன்: நம் மலைநாட்டில் நீங்கள் பார்க்கிற பெரிய ஏரி எதுவும் இயற்கையானது இல்லை. எல்லாம் ஓர் ஆற்றையோ ஓடையையோ மறித்துக் கட்டியது. கிரகரி வாவிகூட 1870களில் கிரகரி ஆளுநராக இருந்தபோது வெட்டுவித்ததுதான்.

நீங்கள் தேடுவது எங்கள் பக்கம் இருக்கிறது. ஹட்டனிலிருந்து டிக்கோயா தாண்டினால் காசல்ரீ நீர்த்தேக்கம். கெஹெல்கமு ஓயா என்கிற ஆற்றை மறித்து 1965இல் கட்டி முடித்தார்கள். நோர்வூட் தாண்டி மஸ்கெலியா போனால் மவுஸ்ஸாகலை. அது மஸ்கெலி ஓயாவை மறித்தது, அறுபதுகளின் கடைசியில் வந்தது. காசல்ரீத் தண்ணீர் மலைக்குள் சுரங்கம் வழியாக நோர்ட்டன் பிரிட்ஜில் உள்ள விமலசுரேந்திர மின்நிலையத்துக்குப் போகிறது. மவுஸ்ஸாகலைத் தண்ணீர் கனியன் மின்நிலையத்துக்கு. இரண்டு ஆறும் கீழே சேர்ந்து களனி கங்கையாகி, கொழும்புக்குக் குடிதண்ணீராகிறது. ஆகவே கரையில் உட்கார்ந்து சாப்பிட்டால் ஒரு காகிதத்துண்டுகூட விடாதீர்கள்.

காசல்ரீயை ஒரே நாளில் முழுச் சுற்றாகச் சுற்ற நினைக்காதீர்கள். விரல்களை விரித்து வைத்த கை மாதிரி அதன் கரை. எதிரே இருக்கிற லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டில், காயப்போட்ட சேலையின் நிறம் தெரியும், கூப்பிட்டால் குரல் கேட்கும், ஆனால் நடந்து போய்ச் சேர ஒரு மணி நேரம் ஆகும். விரலின் நுனிவரை போய் மறுபக்கம் திரும்பி வர வேண்டும் அல்லவா. காலையில் வார்லித் தேவாலயத்தில் தொடங்குங்கள். 1878இல் கட்டிய கல் கட்டடம், கரைக்கு மேலே நிற்கிறது. அங்கிருந்து தோட்டப் பாதையில் நோர்வூட் பக்கமாக நடந்தால் பாதி நாளுக்குச் சரியாக வரும்.

மலைநாடோடி | பெப்ரவரி 3, பிற்பகல் 1.20

இவ்வளவு யோசிக்கத் தேவையில்லை நண்பரே. பெப்ரவரி, மார்ச்சில் தண்ணீர் இறங்கியிருக்கும். அப்போது மவுஸ்ஸாகலையில் கரையோரமாக அகலமான செம்மண் பட்டை வெளியே வரும். மேடு பள்ளம் இல்லை, தேயிலைச் செடி இல்லை, நேராக நடக்கலாம். விரல் விரலாகச் சுற்றாமல் காய்ந்த குடாக்களைக் குறுக்கே கடந்துவிடலாம். கைபேசியில் பதிவு செய்த பாதை என்னிடம் இருக்கிறது, அனுப்புகிறேன். வழிகாட்டியும் வேண்டாம், யாரையும் கேட்கவும் வேண்டாம்.

சாமிமலை டீச்சர் | பெப்ரவரி 3, இரவு 7.50

மலைநாடோடி தம்பி, அந்தப் பாதையை யாருக்கும் அனுப்பாதீர்கள். கோபத்தில் சொல்லவில்லை, காரணத்தோடு சொல்கிறேன்.

மூன்று வருடத்துக்கு முன் ஒரு வறட்சியில் என் சித்தி மகன் அந்தச் செம்மண் பட்டையில்தான் இறங்கினான். மேலே பாளம் பாளமாக வெடித்துக் காய்ந்திருந்தது. பாளத்தின் ஓரங்கள் அப்பம் போலச் சுருண்டு தூக்கி நின்றன. இருபது அடி நடந்தான், ஒன்றுமில்லை. இருபத்தோராவது அடியில் முழங்கால்வரை போய்விட்டான். இழுக்க இழுக்கத் தொடைவரை இறங்கியது. கீழே இருந்தது மண் இல்லை, பல வருட வண்டல், களி. கரையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் ஓடி வந்து இடுப்பில் கட்டியிருந்த படங்கு என்கிற தடித்த விரிப்புகளை அவிழ்த்து ஒன்றோடு ஒன்று முடிந்து அவன் முன்னால் விரித்துப் போட்டார்கள். அதன்மேல் நெஞ்சை வைத்துப் படுக்கச் சொன்னார்கள். அப்படிப் படுத்த பிறகுதான் கால் வந்தது. செருப்பு இன்னும் உள்ளேதான் இருக்கிறது. அந்தப் பெண்கள் இல்லாவிட்டால் என்ன நடந்திருக்கும் என்று நினைக்கவே முடியவில்லை.

காய்ந்த குடாவைக் குறுக்கே கடப்பது இன்னும் மோசம். அந்தக் குடாக்கள் ஒரு காலத்தில் ஓடைகள். ஓடைக்குள்தான் களி அதிகம் தங்கும்.

அப்புறம் இன்னொன்று. அந்த மண் சும்மா கிடந்த மண் இல்லை. பழைய மஸ்கெலியா பட்டணம் அதற்குள் இருக்கிறது. கடைத்தெரு, கோயில், பள்ளிவாசல், விகாரை, சுற்றியிருந்த தேயிலை எல்லாம். அணை கட்டியபோது பட்டணத்தை மேலே இப்போதுள்ள இடத்துக்கு மாற்றினார்கள். அம்மாவுக்கு அப்போது பதினொரு வயது. தண்ணீர் ஒரே நாளில் வரவில்லை, மழைக்கு மழை படி படியாக ஏறியது என்பார். முதல் நாள் கோயிலின் கீழ்ப்படி நனைந்தது. அடுத்த வாரம் போய்ப் பார்த்தால் மூன்று படியைக் காணோம். பிள்ளைகள் தினமும் போய்ப் படி எண்ணுவார்களாம். ஒரு நாள் எண்ணுவதற்குப் படி இல்லை, திரும்பி வந்துவிட்டோம் என்று சொல்லி அதோடு நிறுத்திவிடுவார். நான் எத்தனை முறை கேட்டாலும் அந்த இடத்தில்தான் நிறுத்துவார்.

கடும் வறட்சியில் தண்ணீர் மிகவும் இறங்கினால் அந்தக் கோயிலின் இடிபாடுகள் வெளியே வரும். சனம் போய்க் கற்பூரம் கொளுத்தும். ஆகவே நடக்க வருகிறவர்கள் வாருங்கள், சந்தோஷம். யாரையும் கேட்க வேண்டாம் என்று மட்டும் சொல்லாதீர்கள். எங்கே கால் வைக்கலாம் என்பது கரையில் இருக்கிறவர்களுக்குத்தான் தெரியும்.

மலைநாடோடி | பெப்ரவரி 3, இரவு 10.30

டீச்சர், மன்னியுங்கள். நான் நடந்தது ஒரே ஒரு முறை, பாறைக்கரை உள்ள பக்கம் மட்டும். மற்றப் பக்கமும் அப்படித்தான் இருக்கும் என்று எண்ணிவிட்டேன். பாதையை இணையத்தில் போட்ட இடத்திலிருந்து இப்போதே எடுத்துவிட்டேன். எடுத்து வைத்திருந்த இரண்டு பேருக்கும் சொல்லிவிட்டேன்.

கொழுந்துக்கூடை | பெப்ரவரி 4, காலை 5.30

நான் தோட்டத்தில் வேலை செய்கிறேன், இப்போது பிரட்டுக்கு, அதாவது காலைப் பெயர்ப்பதிவுக்கு, போக வேண்டும், ஆகவே சுருக்கமாக.

குளவி. யாரும் சொல்லவில்லையே என்று எழுதுகிறேன். மலைக்கு வருகிறவர்கள் சிறுத்தைக்குப் பயப்படுகிறார்கள். சிறுத்தை உங்களைக் கண்டால் ஒதுங்கிவிடும். பாவம், அதுதான் நம்மிடம் சாகிறது. 2020 மே மாதம் நல்லதண்ணிப் பக்கத்துத் தோட்டத்தில் கறுஞ்சிறுத்தை ஒன்று கம்பிப் பொறியில் மாட்டியது, காப்பாற்றிக் கொண்டுபோயும் செத்துப்போனது. எங்களை ஆஸ்பத்திரிக்கு அனுப்புவது குளவிதான். தேயிலைச் செடிக்கு அடியிலும் மரத்திலும் பாறை இடுக்கிலும் கூடு இருக்கும். சத்தம் போடாதீர்கள், கல் எறியாதீர்கள், நெருப்பு மூட்டாதீர்கள், வாசனைத் திரவியம் பூசி வராதீர்கள். கலைந்துவிட்டால் கையை வீசி அடிக்கக் கூடாது. முகத்தை மூடிக்கொண்டு அந்த இடத்தைவிட்டு ஓட வேண்டும்.

இரண்டாவது, படம். கொழுந்து எடுக்கிறவர்களை நிறுத்தி, இப்படித் திரும்புங்கள், சிரியுங்கள் என்கிறார்கள். நாங்கள் கொழுந்தின் நிறைக்குத்தான் வேலை செய்கிறோம். நிறை குறைந்தால் அன்றைக்கு அரைப் பேர்தான், அதாவது பாதிச் சம்பளம். நீங்கள் எடுக்கிற பத்துப் படம் எங்களுக்கு எத்தனை பிடி கொழுந்து என்று யோசியுங்கள். பேச வேண்டுமென்றால் பத்து மணித் தேநீருக்கு உட்காருவோம், அப்போது வாருங்கள். எங்களுக்கும் பேசப் பிடிக்கும்.

டிக்கோயாக்காரன் | பெப்ரவரி 4, காலை 7.15

கொழுந்துக்கூடை அக்கா சொன்ன இரண்டும் முக்கியம், குறித்து வையுங்கள்.

நான் சேர்க்க வேண்டியது: கவ்வாத்து வெட்டிய மலைக்குள் அரைக் காற்சட்டையோடு இறங்காதீர்கள். வெட்டிய கிளைகள் ஈட்டி மாதிரி நிற்கும், முழங்காலுக்குக் கீழே கிழித்துவிடும். தண்ணீர் வடியும் கான்களைத் தாண்டும்போது ஓரத்தில் மிதிக்காதீர்கள், இடியும். அட்டைக்கு உப்புத் துணியோ சவர்க்காரமோ போதும். நான் சித்தாலேப தைலம் பூசிக்கொண்டு போவேன். கடித்தால் பிய்த்து எறியாமல் நகத்தால் மெதுவாகத் தள்ளிவிடுங்கள். பெப்ரவரியில் அட்டை குறைவுதான். தண்ணீரில் இறங்கிக் குளிக்க வேண்டாம். பழைய வீதியும் ஓடையும் உள்ளே இருப்பதால் இரண்டு அடி தள்ளினால் ஆழம் மாறும், குளிரும் அதிகம்.

வன்னி நடைக்காரன் | பெப்ரவரி 5, இரவு 8.00

நன்றி சொல்லிக் களைத்துவிட்டேன், அவ்வளவு எழுதியிருக்கிறீர்கள். முடிவு செய்துவிட்டோம்: மவுஸ்ஸாகலை. ஹோர்ட்டன் சமவெளி அடுத்த முறை, அண்ணா கோபிக்கக் கூடாது. டீச்சர் எழுதியதைக் குழுவில் சத்தமாக வாசித்தேன். எங்களிடம் உள்ள மூத்தவர் இடம்பெயர்ந்து பல வருடம் கழித்துத் தன் ஊருக்குத் திரும்பிப் போனவர். கேட்டுவிட்டு, அங்கேதான் போக வேண்டும் என்று மட்டும் சொன்னார்.

டீச்சர், உங்களுக்குத் தெரிந்த யாராவது எங்களோடு நடக்க வருவார்களா? ஒரு நாள் வேலைக்குரிய சம்பளத்துக்குக் குறையாமல் கொடுப்போம்.

சாமிமலை டீச்சர் | பெப்ரவரி 5, இரவு 9.10

அம்மாவின் தம்பி வருவார். வயது 60க்கு மேல், ஆனால் உங்கள் 24 வயதுத் தம்பி அவருக்குப் பின்னால்தான் நடப்பார். தோட்டக் காவல்காரரிடமும் அவரே சொல்லிவிடுவார். கண்டியிலிருந்து ஹட்டன், ஹட்டனிலிருந்து மஸ்கெலியா பஸ். முதல் நாள் மாலையே வந்து தங்குங்கள். சிவனொளிபாதமலைக்கு இப்போது யாத்திரைக் காலம், வார இறுதியில் அந்த வீதி முழுக்க வாகனம்.

வன்னி நடைக்காரன் | பெப்ரவரி 26, இரவு 9.45

போய் வந்தோம். மறக்கும் முன் எழுதுகிறேன்.

காலை ஆறரைக்கு மஸ்கெலியாவில் தேநீர் குடித்துவிட்டுப் புறப்பட்டோம். மாமா (நாங்களும் அப்படியே கூப்பிடத் தொடங்கிவிட்டோம்) ரப்பர்ச் செருப்போடு வந்தார், நாங்கள் புதுச் சப்பாத்துகளோடு. முதலில் கரைக்குப் போகவில்லை, மேலே கூட்டிப்போனார். லயத்துக்குப் பின்னால் குறுக்குப் பாதை, கருங்கல் படிகள். எத்தனை தலைமுறை மிதித்தோ நடுவில் குழி விழுந்திருந்தது, அந்தக் குழிகளில் பனித்தண்ணீர் தேங்கியிருந்தது. பிறகு தேயிலை முடிந்து மானாப்புல். பிறகு வெறும் பாறை. பாசி பிடித்த கறுப்பு இடத்தில் கால் வைக்காதே, சாம்பல் நிற இடத்தில் வை என்றார். சாம்பல் நிறம் சொரசொரப்பாக உப்புத்தாள் போலக் காலைப் பிடித்தது. எங்களில் ஒருவர் கறுப்பில் வைத்தார், உட்கார்ந்தபடியே கொஞ்சத் தூரம் சறுக்கினார். உள்ளங்கை உரிந்தது, வேறு ஒன்றுமில்லை.

பாறையின் உச்சிக்குப் போய்த் திரும்பியபோதுதான் முழுத் தண்ணீரும் தெரிந்தது. மேலே எழுதியிருந்த விரல்களை அங்கே கண்டேன். ஒவ்வொரு மலையின் இடுக்கிலும் தண்ணீர் நுழைந்து நிற்கிறது. எதிரே சிவனொளிபாதமலை, கூம்பு தெளிவாக, அடிவாரத்தில் மட்டும் முகில். கரை முழுக்க ஒரு செம்மண் கோடு, தண்ணீர் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று காட்டியபடி. இன்னொரு பக்கம் ஏழு கன்னியர் மலையைக் காட்டினார். 1974 டிசம்பரில் ஹஜ் யாத்திரிகர்களோடு வந்த விமானம் மோதி 191 பேர் இறந்த மலை. அப்போது மாமா சிறுவன். இரவில் வெளிச்சத்தைக் கண்டதாகவும், மறுநாள் பெரியவர்கள் மலையேறிப் போனதாகவும் சொன்னார். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

பத்து மணிக்குக் கொழுந்து எடுப்பவர்களோடு உட்கார்ந்தோம். சாயத்தேநீரும் ரொட்டியும் தந்தார்கள், கட்டைச்சம்பல் கண்ணில் நீர் வரவைத்தது. நாங்கள் கொண்டுபோன பனங்கட்டியைக் கொடுத்தோம். ஒரு அம்மா அதை வாயில் வைத்துத் தேநீரைக் குடித்துப் பார்த்துவிட்டு, யாழ்ப்பாணத்துப் பக்கம் எல்லோரும் இப்படித்தான் குடிப்பீர்களா என்று கேட்டார். வன்னியும் அப்படித்தான் அம்மா என்றேன். படம் எடுக்கவில்லை. அவர்களே எழும்பும் முன், எங்கள் எல்லோரையும் ஒன்றாக எடு தம்பி என்றார்கள். அந்த ஒரு படம் இருக்கிறது.

மதியத்துக்குப் பிறகு கரையோடு நடந்தோம். எப்போதும் பாறையும் புல்லும் உள்ள கோட்டில் மட்டும். செம்மண் பட்டைக்கு அருகே வந்தபோது மாமா ஒரு கல்லை எடுத்து உள்ளே போட்டார். சத்தமே கேட்கவில்லை. வெடித்த பாளம் ஒன்று மெதுவாகச் சாய்ந்தது, கல்லைக் காணோம். அதற்குப் பிறகு யாருக்கும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

கோயில் தெரியவில்லை, தண்ணீர் அவ்வளவு இறங்கவில்லை. ஆனால் ஒரு மேட்டில் மாமா நின்று கையை நீட்டினார். "அந்தா, நீர்க்காகம் ரெண்டு உட்கார்ந்திருக்கே, மொட்டைக் குச்சி. அதுக்கு இந்தப் பக்கம் கடைத்தெரு. அதுக்கு நேர் கீழே கோயில் வாசல்." எங்கள் மூத்தவர் பக்கத்தில் போய் நின்றார். தன் ஊரில் வீட்டைத் தேடியபோது கிணற்றுக்கட்டை வைத்துத்தான் முற்றம் எது என்று கண்டுபிடித்ததாக மாமாவிடம் சொன்னார். பிறகு இருவரும் எதிலிருந்து எது எத்தனை அடி என்று பேசத் தொடங்கினார்கள். கிணறு, வாசல், கடை, பள்ளிக்கூடம். நாங்கள் ஐந்து பேரும் தள்ளி உட்கார்ந்து காத்திருந்தோம். அரை மணி நேரம் இருக்கும்.

நாலரைக்கு வீதிக்கு வந்தோம். எவ்வளவு தூரம் என்று பதிவு செய்யவில்லை. இருவருக்கு முழங்கால் நோ, ஒருவருக்கு உள்ளங்கை, அட்டைக்கடி மொத்தம் மூன்று. மாமாவிடம் பணத்தைக் கொடுக்கச் சிரமப்பட்டோம், கடைசியில் பேரப்பிள்ளைக்கு என்று சொல்லித்தான் வாங்கினார்.

டீச்சர், ஒன்று கேட்க மறந்தேன். உங்கள் அம்மா எண்ணிய படிகள் எத்தனை?

சாமிமலை டீச்சர் | பெப்ரவரி 27, மாலை 6.20

வாசித்துக் காட்டினேன். நீர்க்காகம் உட்கார்ந்திருந்த குச்சி என்ற இடம் வந்ததும் அம்மா நிறுத்தச் சொன்னார். அது வேறு எதுவும் இல்லை, கோயிலுக்கு முன்னால் நின்ற மரமாகத்தான் இருக்கும் என்றார். மாமா அப்படி இல்லை என்கிறார். நேற்று இரவு தொலைபேசியில் இரண்டு பேருக்கும் அதே வாக்குவாதம்.

படிகள் ஒன்பது. கேட்டதும் சொல்லிவிட்டார்.

ஏப்ரலுக்குள் மழை வராமல் தண்ணீர் இன்னும் இறங்கினால் இங்கே எழுதுகிறேன். நீங்கள் வந்தால் அம்மாவும் மேட்டுவரை வருவார். நான்கு படங்காவது வேண்டும், இரண்டை நான் தருகிறேன்.